ஓடிபி கேட்ட மாப்பிள்ளை

ஓடிபி கேட்டார், உண்மைதான். கேட்கவே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் படியேறிக் கேட்டார். ஆனால் எதற்குக் கேட்டார் என்பதை விட்டுவிட்டு, கேட்டதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கினால் எப்படி? அவன் கையில் கத்தி இருந்தது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நறுக்கியது வெங்காயம் என்பதை மட்டும் முழுங்கிவிடுவது மாதிரி இருக்கிறது இந்த மாடிவீட்டம்மா பேசுவது.

நேற்று மளிகைக்கடையில் நாலு பேர் நிற்கும்போது கேட்கிறாள்: "என்னங்க, உங்க மாப்பிள்ளை இப்ப யாரு போனை நோண்டிக்கிட்டிருக்காரு?" நான் விருட்டென்று திரும்பி வந்துவிட்டேன். வாங்கப் போன உப்பைக்கூட வாங்கவில்லை. பிறகு சமைக்க உப்பு வேண்டியிருந்ததால் மறுபடி போனேன், அது வேறு விஷயம்.

ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லி எழுதவைக்கிறேன். எழுதுகிறவள் என் மகள். பேச்சு அவள் புருஷனைப் பற்றி என்பதால், "இதெல்லாம் வேணாம்மா" என்று நடுநடுவே பேனாவைக் கீழே வைக்கிறாள். எடுத்து எழுதுடி.

மாப்பிள்ளை படத்துக்கு பிரேம் போடுகிறவர். எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. பெண் பார்க்க வந்தபோது அவருடைய அம்மா, "எங்க பையன் அதிகம் பேச மாட்டான்" என்றார். நல்ல குணம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவருக்குத் திக்குவாய் என்பது கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் மகள் வந்து, "அதுக்கென்னம்மா, அவரு பங்குக்கும் சேத்து நான் பேசிக்கறேன்" என்றாள். பதினேழு வருஷமாகச் சொன்னபடியே செய்கிறாள்.

அவருக்கு முதல் எழுத்துத்தான் நிற்கும். கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும், அவர்களே வார்த்தையை முடித்துவைப்பார்கள். முடித்துவைப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அவரும் விட்டால் போதும் என்று தலையை ஆட்டிவிடுவார். ஒருமுறை முடிவெட்டப் போய், ஓரத்தில் மட்டும் வெட்டச் சொல்ல வாயெடுத்திருக்கிறார். வெட்டுகிறவர், "ஒட்டவா? சரி" என்று மெஷினை வைத்துவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

வாயில்தான் இத்தனை தடங்கல். கண்ணில் கிடையாது. பிரேம் போட வருகிற எதையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கண்ணாடியை மேலே வைப்பார். கல்யாண வாழ்த்து, பள்ளிக்கூடச் சான்றிதழ், இறந்தவர் படத்தின் கீழே இருக்கும் தேதி, எல்லாம். ஒரு பையனின் பட்டத்தில் தேதியே போடாமல் கொடுத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர் அவர்தான். அந்தப் பையன் நாலு மாதமாக அதை மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்தவன்.

மரச்சட்டத்தை அறுப்பது கொல்லைப்புறத்தில், கதவைச் சாத்திக்கொண்டு. மரத்தூள் உள்ளே வந்தால் என் மகளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. வந்துவிட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்கும், உதடு வெளுத்துப்போகும். தெருமுனையில் சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுக்கிற மெஷின் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து இருநூறு அடி. அவள் மூச்சை நான் அந்த இருநூறு அடியை வைத்துத்தான் அளப்பேன்.

நான்கு மூலைக்கும் பசை தடவி, இறுக்கிக் கட்டிவிட்டால் காய்வதற்கு அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம் அவர் கையில் போன். ஆம்பிளைகள் போனில் என்னென்னவோ பார்ப்பார்களாம். இவர் பார்த்தது நகராட்சியின் பக்கம். நாய்க்கு ஊசி போடுகிற நாள், சாக்கடை அள்ளுகிற நாள், வரி கட்டக் கடைசி நாள். படித்ததை எனக்கும் வாசித்துக் காட்டுவார். அடுத்தவர் எழுதியதை வாசிக்கும்போது அவர் நாக்கு அவ்வளவாக நிற்பதில்லை. நான் எதிரே உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டு கேட்பேன்.

அறிவிப்பில் எனக்கு ருசி இல்லை. அதற்குக் கீழே ஜனங்கள் எழுதுவது இருக்கிறதே, அதில்தான் எல்லாம். ஒரு மனிதர் எது போட்டாலும் கீழே ரோஜாப்பூ வைப்பார். மரம் நட்டால் ரோஜா, குழாய் உடைந்தால் ரோஜா, சுடுகாட்டுக்கு இரண்டு நாள் விடுமுறை என்றாலும் ரோஜா. இன்னொருத்தர், "பழைய சோபா விற்பனைக்கு, நல்ல நிலையில்" என்று எல்லா இடத்திலும் போடுவார். அந்த சோபா இரண்டு வருஷமாக விற்கவில்லை. ஒரு பையன், "ஐயா, அம்மாவின் பென்ஷன் எட்டு மாதமாக வரவில்லை" என்று எழுதுவான். அதிகாரி கத்தரிக்கோலோடு ரிப்பன் முன்னால் நிற்கிற படத்துக்குக் கீழேயும் அதுதான். ஒன்பது மாதம் ஆனது, பத்து ஆனது.

"பென்ஷன் வந்துச்சா மாப்பிள்ளை?" என்று காலையில் எழுந்ததும் கேட்பேன்.

"இ… இல்ல அத்தை. பதினொண்ணு."

எல்லாருக்கும் நகராட்சி ஒரே பதில்தான் கொடுக்கும்: "தங்கள் கருத்துக்கு நன்றி." ரோஜாவுக்கும் அதுதான், சோபாவுக்கும் அதுதான், பென்ஷன் பையனுக்கும் அதுதான்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இத்தனை பேரு வந்து கதவைத் தட்டறாங்களே, உள்ள யாராவது இருக்காங்களா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "தெ… தெரியல அத்தை. நா… நானும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

யோசித்தவர் சும்மா இருக்கவில்லை. புதுச் சாக்கடைக்கு மூடி போட்டுவிட்டோம் என்று நகராட்சி ஒரு படம் போட்டிருந்தது. அந்தப் படத்தில் மூடி தலைகீழாக இருந்தது. பிடிப்பு அடிப்பக்கம் போய்விட்டது, இனி யாரும் தூக்க முடியாது. அதை எழுதினார். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. மறுநாள் பார்த்தால் படத்தைக் காணோம். அதற்கு அடுத்த நாள் வேறு படம், மூடி நேராக.

"இருக்காங்க அத்தை! உள்ள யாரோ இருக்காங்க!" என்று ஒரு திக்கலும் இல்லாமல் கத்தினார். தீவில் தனியாகக் கிடந்தவன் கப்பலைக் கண்ட மாதிரி.

அதற்குப் பிறகு அவரும் எழுத ஆரம்பித்தார். பென்ஷன் பையனுக்கு, "தம்பி, இங்கே எழுதினால் நடக்காது. ஆதார் நகலோடு நாலாம் எண் ஜன்னலுக்குப் போங்கள். புதன்கிழமை மட்டும்தான் வாங்குவார்கள்" என்று எழுதினார். எல்லாம் நகராட்சியே எப்போதோ அறிவித்ததுதான், ஜனங்கள் படித்திருக்க மாட்டார்கள். பதின்மூன்றாம் மாதம் பென்ஷன் வந்தது. நான் கடையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். யாரென்றே தெரியாத ஒரு பையனின் அம்மாவுக்காக.

எழுத்தில் அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. "சார்" என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் கையில் விண்ணப்பத்தோடு ஒரு பெரியவர் கடைக்கே வந்து, "நகராட்சி நீங்கதானே?" என்று கேட்டுவிட்டார். மளிகைக்கடைக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தார். அன்றைக்கே, 'பிரேம் கடைக்காரன் கவர்மெண்டு ஆளு' என்று கிளம்பிவிட்டது.

இனி கட்டைவிரல் சமாச்சாரத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். லாரிக்காரர் தெரு குரூப்பில், "பத்து நிமிஷத்தில் வருகிறேன்" என்று போடுவார். பார்த்தவர்கள் கட்டைவிரல் அமுக்க வேண்டும். அமுக்காத வீட்டுக்குக் கடைசியில்தான் குழாய் நீளும், சில நாள் நீளாமலும் போகும். அவர் வைத்த சட்டம் அது. அந்தப் பயத்தில் எங்கள் தெருவே எதைக் கண்டாலும் கட்டைவிரல் அமுக்கும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம், அவ்வளவுதான். என் அண்ணன் செத்துப்போன சேதிக்கு நாற்பத்திரண்டு கட்டைவிரல் வந்தது. நான் கோபப்படவில்லை, நாற்பத்திரண்டு பேருக்குச் சேதி போய்விட்டது என்று ஆறுதல்தான் பட்டேன்.

ஒருநாள் நகராட்சி ஒரு படம் போட்டது. வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். மேலே, "மேம்பட்ட சேவைக்கான ஒருங்கிணைப்பு வரைவுத் திட்டம். கருத்துகள் வரவேற்கப்படுகின்றன. இருபத்தொரு நாட்கள்." மாடிவீட்டம்மா அதைத் தூக்கித் தெரு குரூப்பில் போட்டு, "நல்ல செய்தி" என்று எழுதினாள். போய்ப் பார்த்தவர்களெல்லாம் வழக்கம்போல அமுக்கினார்கள்.

மாப்பிள்ளை அந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்து வேலையாக முப்பது படத்துக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். போனைத் தொட நேரமில்லை. பன்னிரண்டாம் நாள்தான் பசை காய வைத்துவிட்டு உட்கார்ந்தார். படத்துக்குக் கீழே ஒரு கோப்பு இருந்தது, அறுபத்து நான்கு பக்கம். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். பசை காய்ந்தது, எழுந்திருக்கவில்லை. நாற்பத்தோராம் பக்கத்துக்கு வந்தபோது முகம் மாறியது.

"என்ன மாப்பிள்ளை?"

வாய் திறந்தார். வரவில்லை. கடைசியில் அந்தப் பக்கத்தை வாசித்தே காட்டினார். ஏழாம் எண் சின்ன ஆஸ்பத்திரி, அதாவது எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்கப்படும். கட்டடம் பழைய கோப்புகள் வைக்கும் கிடங்காகும். பெரிய ஆஸ்பத்திரி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். பஸ் மாறிப் போக முக்கால் மணி நேரம்.

உள்ளே என் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் பக்கமே திரும்பிப் பார்த்தோம். "என்ன ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள்.

அவர் உடனே ஆட்சேபம் எழுதினார். "தங்கள் கருத்துக்கு நன்றி." மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு நேரிலேயே கிளம்பினார். நானும் போனேன், வாய்த்துணைக்கு.

மூன்றாம் மாடியில், கோப்பு அடுக்குகளுக்குப் பின்னால், ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வாயால் சொல்ல முயற்சி செய்யவே இல்லை, போனைக் காட்டினார். அதிலிருந்த அவர் பெயரைப் பார்த்துவிட்டு அவள் எழுந்தே விட்டாள்.

"சாக்கடை மூடி நீங்கதானா?"

அவர் வெட்கத்தோடு தலையாட்டினார்.

"அன்னிக்கு மேலதிகாரிகிட்ட எனக்கு எவ்வளவு திட்டு தெரியுமா? ஆனா நீங்க சொன்னதும்தான் போயி மூடியத் திருப்பிப் போட்டாங்க. உக்காருங்க, உக்காருங்க பாட்டி."

உள்ளே இருந்தது இவள்தான். ஒருத்தியே. முழு ஊருக்கும் இவள் ஒருத்தியே நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

சின்ன ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொன்னதும் அவள் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "அது கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிங்க. ஆதரவு நானூத்திப் பன்னெண்டு. ஆட்சேபம் ஒண்ணு, அது நீங்க."

"ஆதரவா? யாரு ஆதரிச்சா?" என்றேன் நான்.

"லைக் போட்டிருக்காங்களே பாட்டி."

"அடியம்மா, அது பாத்தாச்சுன்னு போடறது. எங்க தெருவுல சாவுக்கும் அதான் போடுவோம்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "மேல இருந்து வர்ற தாள்ல ரெண்டே கட்டம்தான் இருக்கு. ஆதரவு, ஆட்சேபம். பாத்தாச்சுங்கறதை நான் எந்தக் கட்டத்துல எழுதட்டும்?"

அதற்குப் பதில் மாப்பிள்ளையிடம் இருந்தது, ஐம்பத்தெட்டாம் பக்கத்தில். அதைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். அந்த வட்டாரத்து ஆட்கள் ஐம்பது பேர் முறைப்படி ஆட்சேபம் பதிந்தால் நேரடி விசாரணை வைத்தே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது. அவளே அதைப் படித்ததில்லை. "பதியணும்னா கமெண்ட் செல்லாதுங்க. படிவம் இருக்கு. அவங்கவங்க போன் நம்பரைப் போட்டா ஓடிபி வரும். அதைப் போட்டாத்தான் ஏறும். இன்னும் எட்டு நாள் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் யார் யார் கட்டைவிரல் போட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து வாசித்தார். எந்த வீட்டில் போய்ப் பேசுவது என்று தெரிய வேண்டுமே. மளிகைக்கடைக்காரர், மாடிவீட்டம்மா, அவள் தம்பி, லாரிக்காரர். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"அ… அத்தை."

"என்ன?"

"பூனைப் படம் வெச்ச ஒரு கணக்கு இருக்கு."

பூனைப் படம் நான்தான். மகளின் பழைய போன் என்னிடம் இருக்கிறது. நர்ஸ் நல்லாச் சிரிக்கிறாளே என்று அமுக்கினேன். நான் பெற்ற மகளின் மூச்சை இருநூறு அடியிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குத் தள்ளிவைக்க நானும் ஒரு விரல் கொடுத்திருக்கிறேன். இந்த இடத்தில் எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டு, "தெரியாமத்தானேம்மா போட்ட" என்கிறாள். தெரியாமல்தான் போட்டேன். போட்டது நான்தான். இரண்டையும் எழுது.

அன்று சாயங்காலம் அவர் வீடு வீடாகப் போனார். நினைத்துப் பாருங்கள். வங்கிக்காரர், போலீஸ், ரேடியோ, எல்லாரும் பத்து வருஷமாக என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்? ஓடிபியை யாருக்கும் சொல்லாதே. அப்படியிருக்க, என்றைக்கும் வாசல் ஏறாத ஒரு மனிதர், கண்ணை மூடிக்கொண்டு, வியர்த்து வழிய, "ஓ… ஓ… ஓ…" என்று நின்றால்? திருடன்தான் திணறுவான் என்று நினைத்துவிட்டார்கள். அதுவும் போகட்டும். "நீ… நீங்க லைக் போட்டிருக்கீங்க, எடுத்துடுங்க" என்று வேறு சொல்லியிருக்கிறார். மாடிவீட்டம்மா பாய்ந்துவிட்டாள்.

"நான் எங்க விரலை வெச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டு போனுக்குள்ள பூந்து பாக்கறியா?"

மளிகைக்கடைக்காரர் வேறு மாதிரி. "அண்ணே, போட்டதை எடுத்தா நம்ம பேரு வேற லிஸ்ட்டுக்குப் போயிரும். கடை லைசன்ஸ் புதுப்பிக்கணும் நானு. ஆளை விடுங்க."

இருபத்தாறு வீடு ஏறினார். இரண்டு பேர் கிடைத்தார்கள். அதில் ஒருத்தர் காது கேட்காதவர், என்ன ஏது என்று கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் அவர் கடை வாசலில் ஒரு மேஜையைப் போட்டார். படிவத்தைத் தன் போனில் திறந்து வைத்தார். வருகிறவர்கள் தங்கள் நம்பரைத் தாங்களே போட வேண்டும், தங்கள் போனில் வருகிற ஓடிபியைத் தாங்களே பார்த்துத் தட்ட வேண்டும். அந்த நேரம் இவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இதை ஒரு அட்டையில் எழுதியும் மாட்டினார்.

முதல் ஆள் நான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண் தெரியும், பஸ் பிடித்துப் பிடித்துப் பழகியது. ஒவ்வொரு எண்ணாகத் தேடி அமுக்கினேன். இரண்டு தடவை நேரம் முடிந்துபோனது. மூன்றாம் தடவை ஏறிவிட்டது. அவர் சுவரோடு சுவராக நின்றார், திரும்பவே இல்லை.

எதிர்க்கடையிலிருந்து குரல்: "திரும்பித்தான் நிக்கறாரு! சுத்தி எத்தனை முகம் பாக்கற கண்ணாடி மாட்டியிருக்கு, அதுல தெரியாதா?"

உண்மைதான். கடை முழுக்க விற்பனைக்கு வைத்த கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒன்றில் மேஜை தெரியும். யாருக்கும் தோன்றாதது அந்த மளிகைக்கடைக்காரருக்குத் தோன்றியது பாருங்கள். மாப்பிள்ளை பழைய செய்தித்தாளை எடுத்து எல்லாக் கண்ணாடியையும் ஒட்டி மூடினார். பதினான்கு கண்ணாடி. அந்த வாரம் முழுக்க வியாபாரம் கிடையாது. கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா, கடையில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்று நாளில் ஒன்பது பேர். நான் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், "உங்க வீட்டுப் பிள்ளைக்கு வாந்தி வந்தா நெடுஞ்சாலையைத் தாண்டித் தூக்கிட்டுப் போவியா?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் மூட மாட்டாங்க பாட்டி" என்று என்னையே தேற்றி அனுப்பினார்கள்.

நான்காம் நாள் லாரிக்காரர் வந்தார். அவர் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம். சின்ன ஆஸ்பத்திரியில் மாதா மாதம் பரிசோதனை. அங்கே நர்ஸே சொல்லிவிட்டாளாம், பிரசவத்துக்குள் இந்த இடம் இருக்குமோ இருக்காதோ என்று. அவர் லாரியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினார். மூடியிருந்த கண்ணாடிகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்து நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். நாற்பத்தோராம் பக்கத்தை ஒரு தடவை, இரண்டு தடவை படித்தார். ஓடிபியைத் தட்டினார். அங்கேயே நின்றபடி தெரு குரூப்பில் பேசிப் போட்டார்: "எல்லாரும் பிரேம் கடைக்குப் போயி பேரு பதியுங்க. பதிஞ்சவங்க மட்டும் கட்டைவிரல் போடுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் வரிசை நின்றது. மாடிவீட்டம்மாவே வந்தாள். புடவைத் தலைப்பால் போனை மூடிக்கொண்டு, உள்ளுக்குள்ளே தட்டினாள். "தண்ணிக்காக வந்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். கடைசி நாள் முடியும்போது அறுபத்தொரு பேர். மளிகைக்கடைக்காரர் மட்டும் வரவில்லை. அவர் வீட்டுக்காரம்மா வந்தாள், அவர் பின்பக்கம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து.

விசாரணைக்குத் தேதி வந்தது. ஆட்சேபம் சொல்கிறவர்கள் சார்பாக ஒருவர் பேச வேண்டும். மூன்று நிமிடம். யார் பேசுவது என்று எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லாக் கண்ணும் மாப்பிள்ளைமேல். "நீங்கதானே ஆரம்பிச்சீங்க." அறுபத்து நான்கு பக்கத்தையும் படித்தவர் வேறு யாருமில்லை.

அவர் முகம் செத்துப்போனது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நான் போயி பேசறேன் மாப்பிள்ளை" என்றேன்.

"ப… பக்கம் கேப்பாங்க அத்தை. எ… எந்தப் பக்கத்துல இருக்குன்னு."

"மனப்பாடம் பண்ணிக்கறேன்."

என் மகள் சொன்னாள்: "நான் பேசறேங்க. என் மூச்சுதானே." சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்தார். வெகுநேரம் எழுதினார், அழித்தார், எழுதினார். என்ன எழுதினார் என்று மறுநாள் என் மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். ஊர் முழுக்கப் பார்க்கும்படி, நகராட்சிப் பக்கத்தில், விசாரணை அறிவிப்புக்குக் கீழே எழுதியிருந்தார்:

"நான் பிரேம் கடை வைத்திருப்பவன். எனக்குத் திக்குவாய். மூன்று நிமிடத்தில் என்னால் ஒரு பக்கத்தைக்கூடச் சொல்லி முடிக்க முடியாது. எனக்கு ஒன்பது நிமிடம் வேண்டும். நடுவில் என் வார்த்தையை யாரும் முடித்துவைக்க வேண்டாம். நானே முடிப்பேன்."

பதினேழு வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை, எங்களிடமும்கூட. எங்கள் தெருவே அதைப் பார்த்தது, எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஒரு கட்டைவிரல்கூட விழவில்லை.

நாங்கள் "தங்கள் கருத்துக்கு நன்றி"க்குக் காத்திருந்தோம். அடுத்த நாள் பதில் வந்தது: "தங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. இடையில் யாரும் பேச மாட்டார்கள்."

அங்கே அவர் என்ன பேசினார் என்பதை நேரில் பார்த்த லாரிக்காரர் சொல்வார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன ஆஸ்பத்திரி கிடங்கு ஆகவில்லை. டாக்டர் வாரத்தில் நான்கு நாள் வருகிறார், மற்ற நாளில் ஒரு நர்ஸ் மெஷினோடு இருக்கிறாள். ஆறு நாள் இருந்ததை நான்கு நாள் ஆக்கினது பிரேம் கடைக்காரன்தான் என்று இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. நாற்பத்தோராம் பக்கத்தைப் படிக்காத வாய் அப்படித்தான் பேசும். நான் சொல்ல வந்தது அவர் கிளம்பிய காலையைப் பற்றி. அதை என்னளவுக்குக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் வேறு யாருமில்லை.

என் மகள் சட்டையை இரண்டு தடவை தேய்த்தாள். அவர் சாப்பிடவில்லை. கொல்லைப்புறத்தில் அறுக்கிற மேஜைமுன் நின்று, மரச்சட்டங்களைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ… ஏ… ஏழாம் எண்…" ஒருதரம் வரும், ஒருதரம் வராது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அவருக்குப் பதிலாக என் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் நிறுத்திவிட்டேன். யாரும் முடித்துவைக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாரே.

ஒன்பதரைக்குக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். "நா… நான் வர்றேன் அத்தை" என்றார்.

"போயிட்டு வாங்க மாப்பிள்ளை. பன்னெண்டு நிமிஷம் இருக்கு, ஒண்ணையும் மிச்சம் வைக்காதீங்க."

கூடப் போகிறேன் என்று லாரிக்காரர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை படி இறங்கி நடந்தார். எதிர்க்கடையில் மளிகைக்கடைக்காரர் ஒரு அம்மாவுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசில் அள்ளிப் போடப் போன கை அப்படியே நின்றது. இத்தனை நாள் பேசாதவர், கேட்டார்: "எங்கண்ணே, காலையிலயே?"

மாப்பிள்ளை நின்றார். கண்ணை மூடினார். "ந… ந… ந…" அந்த எழுத்து நிற்கிறது, நிற்கிறது, போகவே மாட்டேன் என்கிறது. பருப்பு வாங்க வந்த அம்மா, "நகரா…" என்று ஆரம்பித்தாள். மளிகைக்கடைக்காரர் கரண்டி இருந்த கையைத் தூக்கி, அவளைச் சும்மா இருக்கச் சொன்னார்.

"ந… நகராட்சிக்கு" என்றார் மாப்பிள்ளை.

"சரிண்ணே" என்றார் அவர். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு நடந்தார்.